"கேஸை மூடியாச்சா?": ஓசிடி உள்ளவரோடு வாழும் வீடுகளுக்கு

ஓசிடி உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த நோய் சொல்கிற வேலையில் பாதியை மற்றவர்கள்தான் செய்துகொண்டிருப்பார்கள். வேலை முடிந்து வரும் அப்பா வாசலிலேயே சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். அம்மா நாள் முழுக்க "மூடியாச்சு, பூட்டியாச்சு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அக்கா குளித்துவிட்டு வரட்டும் என்று தம்பி காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். மாதக் கடைசியில் மளிகைக் கணக்கில் சோப்பும் டெட்டாலும் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இதையெல்லாம் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. பாசத்தில் செய்கிறார்கள், சண்டை வேண்டாம் என்று செய்கிறார்கள், பிள்ளை அழுவதைப் பார்க்கமுடியாமல் செய்கிறார்கள். ஆனால் இந்த உதவிகள்தான் அந்த நோய்க்குத் தீனி. இது ஏன் அப்படி ஆகிறது, வீட்டில் இருப்பவர்கள் எதை மாற்றிக்கொண்டால் நிலைமை மாறும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். மாத்திரையையும் சிகிச்சையையும் பற்றிக் கொஞ்சமாவது தமிழில் படிக்கக் கிடைக்கிறது. வீட்டைப் பற்றி அவ்வளவாகக் கிடைப்பதில்லை.

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடலாம். அப்செஸிவ் கம்பல்சிவ் டிஸ்ஆர்டர் என்பதன் சுருக்கம்தான் ஓசிடி. எண்ணச் சுழற்சி நோய் என்றும் எழுதுகிறார்கள். இதில் இரண்டு பக்கம் உண்டு. ஒன்று, அழைக்காமல் வந்து போக மறுக்கும் எண்ணம், அல்லது மனதில் தோன்றும் காட்சி. "கையில் அழுக்கு இருக்கு", "கேஸ் கசியுது", "சாமியை மனசுக்குள் திட்டிட்டேன்", "குழந்தையை நானே ஏதாவது செஞ்சிடுவேனோ". இன்னொன்று, அந்த எண்ணம் கிளப்பும் பதற்றத்தையோ அருவருப்பையோ தணிக்கச் செய்யும் செயல். கழுவுவது, திரும்பிப் போய்ப் பார்ப்பது, எண்ணுவது, அடுக்குவது, திரும்பத் திரும்பக் கேட்பது. செயல் வெளியே தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. மனதுக்குள்ளேயே ஒரு மந்திரத்தை இத்தனை தடவை சொல்லி முடிப்பது, காலையிலிருந்து நடந்ததையெல்லாம் மறுபடி ஓட்டிப் பார்ப்பது, இவையும் அதே வகைதான். இப்படிப்பட்டவர் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். உள்ளே ஓயாத வேலை நடந்துகொண்டிருக்கும்.

வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது ஓசிடி அல்ல. பாத்திரம் பளபளவென்று இருந்தால் அதில் மகிழ்ச்சி அடைகிறவருக்கு அது குணம். ஓசிடி உள்ளவர் கை கழுவும்போது மகிழ்ச்சி அடைவதில்லை. தோல் வெடித்து எரிகிறது, நேரம் ஆகிறது, இது தேவையில்லை என்று பெரும்பாலும் அவருக்கே தெரிகிறது, ஆனாலும் நிறுத்தமுடியவில்லை. எண்ணங்களும் செயல்களும் சேர்ந்து தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால், அல்லது படிப்பையும் வேலையையும் உறவையும் கெடுத்தால், மருத்துவர்கள் இதை நோய் என்று கணக்கில் எடுக்கிறார்கள்.

இது அபூர்வமான நோயும் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தவர்களில் சுமார் 0.8 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகத் தெரிந்தது. ஆயிரம் பேருக்கு எட்டுப் பேர். உங்கள் தெருவிலோ அலுவலகத்திலோ ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு. சிறு வயதிலிருந்து இருபதுகளின் தொடக்கம் வரையிலான காலத்தில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. சிகிச்சைக்கு வந்து சேரப் பல வருடங்கள் ஆகின்றன. இடைப்பட்ட அந்த வருடங்களில் நோயைச் சுமப்பது வீடுதான்.

எண்ணம் எல்லோருக்கும் வரும்

லண்டனில் பணியாற்றிய ஸ்டான்லி ராக்மன், இலங்கையிலிருந்து அங்கே சென்ற பத்மால் டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓசிடி இல்லாத சாதாரண மனிதர்களிடம், வேண்டாத எண்ணங்கள் வருவதுண்டா என்று கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் வருகிறது என்றார்கள். ஒருவரை அடித்துவிடலாமா, உயரத்திலிருந்து குதித்துவிடலாமா, அசிங்கமாக ஏதாவது கத்திவிடலாமா என்கிற மாதிரி எண்ணங்கள். நோயாளிகளின் எண்ணங்களையும் இவற்றையும் கலந்து வைத்தால், எது யாருடையது என்று பிரிப்பது நிபுணர்களுக்கே எளிதாக இல்லை. 2014இல் பதின்மூன்று நாடுகளின் மாணவர்களிடம் நடத்திய இன்னொரு ஆய்வில், கடந்த மூன்று மாதத்தில் இப்படி ஓர் எண்ணமாவது வந்ததாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 94 பேர்.

ஆக, எண்ணம் வருவது நோய் அல்ல. அந்த எண்ணத்துக்கு மனம் கொடுக்கும் அர்த்தத்தில்தான் வித்தியாசம். ரயில்வே பிளாட்பாரத்தில் நிற்கும்போது "இப்ப குதிச்சா?" என்று ஒரு நொடி தோன்றினால், பலர் தலையை உதறிவிட்டு ஒரு அடி பின்னால் நிற்பார்கள், அவ்வளவுதான். ஓசிடி உள்ளவருக்கு அதே நொடி வேறு மாதிரி போகிறது. "இப்படித் தோணுதே, அப்ப நான் எப்படிப்பட்ட ஆள்? நினைச்சதே செஞ்சதுக்குச் சமம் இல்லையா? இதைத் தடுக்காம விட்டா, நடக்கிறதுக்கு நான்தானே பொறுப்பு?" எண்ணத்தை விரட்ட முயல்கிறார். விரட்ட விரட்ட அது வளர்கிறது. குரங்கை நினைக்காமல் மருந்தைக் குடி என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். 1987இல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிச் சோதித்துப் பார்த்ததும் கிட்டத்தட்ட இதேதான். யாராலும் நினைக்காமல் இருக்கமுடியவில்லை. "அதை ஏன் நினைக்கிற, நினைக்காம இரேன்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லும் அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரசவமாகி ஒரு மாதம் ஆன பெண், அடுப்படியில் அரிவாள்மனையைப் பார்த்தாலே நடுங்குகிறாள். குழந்தையைத் தனியாகத் தூக்கமாட்டேன் என்கிறாள். காரணத்தைச் சொல்ல மறுக்கிறாள். மனதில் குழந்தையை வெட்டுவதுபோல் ஒரு காட்சி வந்து வந்து போகிறது. வெளியே சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களோ, பைத்தியம் என்பார்களோ என்று பயம். ஓசிடியில் இது அடிக்கடி வரும் வடிவம். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் ஓசிடி தொடங்கும் அபாயமும், இருப்பது கூடும் அபாயமும் அதிகம். அந்த எண்ணத்தைக் கண்டு அவள் இவ்வளவு அரண்டுபோகிறாள் என்பதே, அது அவள் விருப்பம் இல்லை என்பதற்கு அடையாளம். இப்படிப்பட்ட எண்ணங்கள் வருபவர்கள் அதன்படி செய்வதில்லை. செய்துவிடக்கூடாதே என்றுதான் தவிக்கிறார்கள். அவள் உங்களிடம் வாய் திறந்து சொன்னால், முகம் மாறாமல் கேளுங்கள். அதுவே பெரிய உதவி. ஆனால், குழந்தையிடம் ஏதோ தீய சக்தி இருப்பதாக அவள் நம்பினாலோ, காதில் குரல் கேட்கிறது என்றாலோ, அந்த எண்ணம் அவளுக்குத் தப்பாகவே தெரியவில்லை என்றாலோ அது வேறு நோய். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம்.

மதமும் மடியும்

நம் வீடுகளில் இந்த நோய் ஒளிந்துகொள்ள வசதியான இடம் ஆசாரம். மடி, தீட்டு, எச்சில் என்று ஏற்கனவே ஒரு விதிமுறை இருக்கும் வீட்டில், அதையே இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிற ஒருவரை "ரொம்ப ஆசாரம்" என்று மெச்சிக்கொள்வார்கள். அவர் குளியலறையில் இரண்டு மணி நேரம் நிற்பது பக்தியின் கணக்கில் போய்விடும். முஸ்லிம் வீடுகளில் தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது, அதாவது கை, முகம், கால் கழுவும்போது, திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குவதை வஸ்வாஸ் என்பார்கள். கத்தோலிக்க வீட்டில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்த கையோடு, ஒரு பாவத்தைச் சொல்ல விட்டுவிட்டேனோ என்று திரும்பவும் பாதிரியாரைத் தேடிப் போகிறவர் உண்டு. பிள்ளையார் சன்னதியில் நிற்கும்போது கெட்ட வார்த்தை மனதில் வந்துவிட்டது என்று கோவிலுக்குப் போவதையே விட்டவர்களும் உண்டு. மதம் மாறினாலும் நோய் ஒன்றேதான்.

பக்தி எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மதத்தின் விதிக்கு ஒரு முடிவு உண்டு. ஒளுவில் உறுப்பை மூன்று முறை கழுவினால் போதும் என்று மார்க்கமே சொல்கிறது. நான்காவது, பத்தாவது, முப்பதாவது முறை கழுவச் சொல்வது மார்க்கம் அல்ல. ஒரு ஆலிமோ குருக்களோ பாதிரியாரோ "இதுவே போதும்" என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்வது பலருக்கு உதவும். அதே கேள்வியோடு மறுவாரமும் அவரிடமே போய் நின்றால், கேட்பதே கழுவுவதைப்போல ஒரு செயலாகிவிட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு வழக்கம், பரிகாரம், செய்வினை எடுப்பது, தாயத்து. அதில் நம்பிக்கை உள்ளவர்களிடம் சண்டை போடுவதில் பயனில்லை. கோவிலுக்கும் போங்கள், மருத்துவரிடமும் போங்கள் என்று சொன்னால் பல குடும்பங்கள் ஒத்துக்கொள்ளும். ஆனால் "கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிடும்" என்கிற பேச்சை மட்டும் எந்த வீட்டிலும் அனுமதிக்கக்கூடாது. புது வீடு, புது மனிதர்கள், புதுச் சமையலறை, எல்லாவற்றையும் மறைத்து வாழ வேண்டிய கட்டாயம், அப்புறம் ஒரு பிரசவம். ஓசிடி முற்றுவதற்கு இதைவிடத் தோதான சூழ்நிலை கிடையாது. விஷயம் தெரியாமல் வந்து மாட்டிக்கொள்ளும் இன்னொரு மனிதரின் வாழ்க்கையும் இதில் இருக்கிறது.

ஏன் பதில் சொல்லச் சொல்லக் கேள்வி வளர்கிறது

இனி வீட்டுக்கு வருவோம். ராத்திரி பத்தரை மணி. மகள் படுக்கையிலிருந்து எழுந்து வருகிறாள்.

"அம்மா, கேஸை மூடியாச்சா?"

"மூடியாச்சும்மா."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"இப்ப பார்த்தியா, சாப்பிடறப்பவா?"

"இப்பதான். ரெகுலேட்டரையும் மூடிட்டேன். போய்ப் படு."

போகிறாள். முகத்தில் நிம்மதி தெரிகிறது. பத்து நிமிடம் கழித்து மறுபடி வருகிறாள். "இல்லம்மா, நீ தூக்கக் கலக்கத்தில சொன்னியோன்னு தோணுது." அம்மா எழுந்து போய், அவள் கண்ணெதிரே நாப்பைத் திருகிக் காட்டுகிறார். இப்போது புதுச் சந்தேகம்: திருகினபோது ஒருவேளை திறந்துவிட்டதோ?

நோயின் முழு இயக்கமும் இந்தப் பேச்சில் இருக்கிறது. அம்மாவின் பதில் பதற்றத்தைச் சட்டென்று தணித்தது. அந்தத் தணிவின் ருசியை மூளை பிடித்துக்கொண்டது. அடுத்த தடவை சந்தேகம் வந்தால் எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியும். அதைவிட முக்கியமாக, கேட்காமல் படுத்திருந்தாலும் அந்தப் பதற்றம் தானாகவே அடங்கியிருக்கும், அல்லது அடங்காவிட்டாலும் தாங்கியிருக்கமுடியும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவளுக்குப் பறிபோய்விட்டது.

திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அப்படித்தான். நெதர்லாந்தில் மார்செல் வான் டென் ஹவுட், மெரெல் கிண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பை வைத்துச் சோதித்தார்கள். பங்கேற்றவர்கள் யாருக்கும் ஓசிடி கிடையாது. அடுப்பை மூடிவிட்டோமா என்று திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னதும், அவர்களுக்கும் நினைவு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது, அதன் மேல் இருந்த நம்பிக்கை குறைந்தது. நினைவு தப்பாகிவிடவில்லை, நம்பிக்கைதான் போனது. சந்தேகத்தைத் தீர்க்கப் பார்ப்பதுதான் சந்தேகத்தைத் தயாரிக்கிறது. இருபது தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பவர் அலட்சியக்காரரோ ஞாபகமறதிக்காரரோ அல்ல. இருபது தடவை இழுத்ததால்தான் அவருக்கு நினைவில் நம்பிக்கை இல்லை.

பதில் சொல்வது, கூடச் சேர்ந்து கழுவுவது, அவருக்காக நாமே போய்ப் பார்த்துவிட்டு வருவது, அவர் தொடமாட்டார் என்று கதவை நாம் திறந்துவிடுவது, விருந்தாளிகளை வர வேண்டாம் என்பது, இவை எல்லாம் சேர்ந்ததுதான் நான் முதலில் சொன்ன தீனி. குடும்பங்கள் இப்படி எவ்வளவு தூரம் வளைந்துகொடுக்கின்றன என்று அளக்கவே 1990களில் ஒரு கேள்வித்தாள் உருவானது. அதன்பிறகு வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, வளைந்துகொடுப்பது கூடுதலாக இருக்கும் வீடுகளில் நோயின் கடுமையும் கூடுதலாக இருக்கிறது, சிகிச்சையும் சரியாகப் பிடிப்பதில்லை என்பதுதான்.

சிகிச்சை என்ன செய்கிறது

1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், எதற்கும் அசையாத ஓசிடி இருந்த இரண்டு நோயாளிகளிடம் ஒரு புது வழியை முயன்று பார்த்தார். எதைக் கண்டு பயப்படுகிறார்களோ அதைத் தொடச் செய்தார்கள், அப்புறம் கழுவவிடாமல் நர்சுகள் கூடவே இருந்தார்கள். அன்றைய மருத்துவர்கள் பயந்ததுபோல நோயாளிகள் நிலைகுலைந்துபோகவில்லை, தேறினார்கள். இன்று ஓசிடிக்கு முதல் வரிசையில் இருக்கும் பேச்சுச் சிகிச்சை அதன் வழிவந்ததுதான். எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன், சுருக்கமாக ஈஆர்பி என்பார்கள். பயத்தை எதிர்கொள்வது, வழக்கமான பதில்செயலைச் செய்யாமல் இருப்பது, இந்த இரண்டும்தான் அதன் உயிர்.

மேயர் காலத்தைப்போல இப்போது நர்ஸ் வைத்துக் காவல் காப்பதில்லை. நோயாளியே சம்மதித்து, படிப்படியாகச் செய்கிறார். செருப்பு என்றால் அருவருப்பு உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். எது எவ்வளவு கஷ்டம் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை அவரே மதிப்பெண் போடுவார். செருப்பு ஸ்டாண்ட் இருக்கும் மூலைக்குப் போய் நிற்பது 20. தன் செருப்பின் வாரை ஒரு விரலால் தொடுவது 40. தொட்ட கையை உடனே கழுவாமல் டிவி பார்ப்பது 60. அந்தக் கையால் தன் தலையணையைத் தொடுவது 80. கீழ்ப்படியில் தொடங்கி, ஒவ்வொன்றையும் பலமுறை செய்கிறார். முதல் நாள் வாரைத் தொட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது நெஞ்சு படபடக்கும், கை மற்ற எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும், விரல் நுனியில் ஏதோ ஊறுவதுபோல் இருக்கும். சிகிச்சையாளர் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லமாட்டார். "இருக்கட்டும், பார்ப்போம்" என்பார். ஆறுதல் சொல்லாமல் கூட இருக்கிற இந்தத் திறமையைத்தான் வீட்டிலிருப்பவர்களும் கற்றுக்கொள்ள வேண்டும்.

மருந்தும் பயன்படும். ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின், ஃப்ளூவோக்ஸமின், எஸ்சிட்டலோபிராம் வகை மாத்திரைகளைத்தான் முதலில் தருவார்கள். இவற்றுக்கு முன்பே வந்த க்ளோமிப்ரமினும் இன்றுவரை பயனில் இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படலாம், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். இங்கேதான் பல குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. மூன்று வாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு "இந்த டாக்டர் சரியில்லை" என்று மாறுவார்கள். அல்லது ஆறு மாதத்தில் நன்றாக இருக்கிறது என்று தாங்களாகவே நிறுத்துவார்கள், திரும்ப வந்துவிடும். இவை தூக்க மாத்திரை இல்லை, போதைபோல அடிமைப்படுத்துபவையும் இல்லை. பக்கவிளைவு உண்டு: குமட்டல், வயிற்றுக் கோளாறு, தூக்கத்தில் மாற்றம், பாலுறவு ஆர்வம் குறைவது. கடைசியாகச் சொன்னதை வெட்கப்பட்டுச் சொல்லாமலேயே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் அதிகம். மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி உண்டு. இளம் வயதினருக்கு மருந்து தொடங்கும் முதல் சில வாரங்களில், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று வீட்டிலிருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பொதுவாகவே ஓசிடியோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது சகஜம். "இப்படி வாழ்றதுக்கு..." என்று அவர் ஆரம்பித்தால் அதைச் சலிப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

பேச்சும் பயிற்சியும் மூளையில் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்காக ஒன்று. 1992இல் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் மூளை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, மருந்தால் தேறியவர்களுக்கும், மருந்தே இல்லாமல் பயிற்சியால் தேறியவர்களுக்கும் மூளையின் ஒரே பகுதியில் ஒரே மாதிரியான மாற்றம் தெரிந்தது.

வீடு என்ன செய்யலாம்

இப்போது படித்துவிட்டு, நாளைக் காலையிலிருந்து எதற்கும் பதில் சொல்லமாட்டேன் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். அதுவும் கொடுமைதான். வருடக்கணக்காகத் தாங்கிக்கொண்டிருந்த கையைத் திடீரென்று எடுத்தால் அவர் விழுவார், உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கையும் போகும்.

பதற்றம் இல்லாத ஒரு நேரம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்த பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்து பேசுங்கள். கேள்வி வரும் நேரத்தில் பேச ஆரம்பிக்கக்கூடாது. நீங்கள் இதுவரை செய்துவந்த உதவிகளை இருவருமாகச் சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். எழுதும்போதுதான் எவ்வளவு இருக்கிறது என்று இருவருக்குமே தெரியவரும். அதில் விடுவதற்கு எளிதான ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கட்டும். கேஸ் கேள்வி என்றால், ராத்திரிக்கு ஒரு தடவை மட்டும் பதில். இரண்டாம் தடவை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். இப்படி இருக்கலாம்: "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. நாம பேசினமே, அந்தக் கேள்விதான் இது. நான் பதில் சொல்லப் போறதில்ல. வேணும்னா கொஞ்ச நேரம் பக்கத்தில உட்காரு." குரலில் கோபமோ கேலியோ வரக்கூடாது. பதிலைத்தான் நிறுத்துகிறீர்கள், உங்களை அல்ல.

முதல் சில நாள் மோசமாகத்தான் போகும். கேள்வி கூடும், அழுகை வரும், "உனக்கு என்மேல பாசமே இல்ல" என்று வரும். எதிர்பார்த்தால் தாங்கலாம். ஐந்தாம் நாள் இரக்கப்பட்டுப் பதில் சொல்லிவிட்டால், நோய் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டால் கிடைக்கும். ஆகவே உங்களால் கடைசிவரை நிற்கமுடிகிற சின்ன மாற்றத்தில்தான் தொடங்க வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் முக்கியம். அம்மா உறுதியாக இருக்கும்போது, பாட்டி "பாவம் புள்ள" என்று ரகசியமாகப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து சொன்னால் எல்லாம் பாழ். பாட்டியையும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் உட்காரவையுங்கள்.

எதிர்ப்பக்கம் போகும் வீடுகளும் உண்டு. சோப்பை ஒளித்துவைப்பது, மாடியில் தண்ணீர் வால்வை மூடிவிடுவது, வேண்டுமென்றே அழுக்குக் கையோடு போய் அவரைத் தொடுவது, சொந்தக்காரர்கள் முன்னால் நடித்துக்காட்டுவது. "இதுவும் அந்த ஈஆர்பி மாதிரிதானே" என்று சிலர் நியாயம் சொல்வார்கள். இல்லை. அங்கே நோயாளி தானாக ஒப்புக்கொண்டு படியேறுகிறார். இங்கே அவரைத் தள்ளிவிடுகிறீர்கள். பகைமையும் வசையும் நிறைந்த வீடுகளில் நோயாளிகள் சிகிச்சையைப் பாதியில் விடுவது அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கோபம் வருவது இயல்பு. யாருக்கும் வரும், தண்ணீர் லாரிக்குப் பணம் கட்டிவிட்டு டேங்க் மத்தியானமே காலியானால் நிச்சயம் வரும். அந்தக் கோபத்தை நோயின்மேல் வைத்துப் பேசப் பழகலாம். "உன்னால" என்பதற்குப் பதில் "இந்த ஓசிடியால" என்று சொல்லும்போது இருவரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள்.

பாராட்டும்போது முயற்சியைப் பாராட்டுங்கள். "இன்னிக்குக் கழுவவே இல்லையே" என்பதைவிட "கஷ்டமா இருந்தும் பத்து நிமிஷம் தள்ளிப்போட்டியே" என்பது நல்லது. அப்படிப் பத்து நிமிடம் தள்ளிப்போடுவது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும். அவருக்கு அது அன்றைய நாளின் பெரிய வேலை.

பள்ளிப் பிள்ளைகளிடம் ஓசிடி வேறு வேடத்தில் வரும். எழுதி அழித்து, எழுதி அழித்து நோட்டுத் தாள் கிழியும். பரீட்சையில் முதல் கேள்வியைப் படித்துக்கொண்டே இருப்பார்கள். திறமை இல்லை என்று அடிவாங்கும் இந்தப் பிள்ளைகளில் சிலர் வகுப்பிலேயே கெட்டிக்காரர்கள். வகுப்பு ஆசிரியரிடம் பெற்றோர் ஒளிக்காமல் பேசிவிடுவது நல்லது. நேற்றுவரை நன்றாக இருந்த குழந்தைக்கு ஒரே நாளில் கடுமையாக வந்துவிட்டால், அண்மையில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்ததா என்று குழந்தைகள் நல மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.

வயது வந்தவர் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்றால்? அப்போதும் வீட்டின் கை கட்டப்படவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ், குழந்தையைச் சிகிச்சைக்கே அழைக்காமல் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி தரும் முறை ஒன்றை உருவாக்கினார். பதற்ற நோய் உள்ள குழந்தைகளிடம், குழந்தைக்கே நேரடியாகத் தரும் சிகிச்சைக்கு இது குறைந்ததல்ல என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரியவர்கள் விஷயத்திலும் வழி இதுதான்: குடும்பம் மட்டுமாவது முதலில் மருத்துவரைப் பார்ப்பது, தாங்கள் செய்வதில் மாற்றம் கொண்டுவருவது. அவரை மாற்ற உங்களால் முடியாமல் போகலாம். அப்பா வாசலில் சட்டையைக் கழற்றுவதா வேண்டாமா என்பது அப்பாவின் கையில் இருக்கிறது.

எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416க்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் மருத்துவரைப் பார்க்கலாம். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்குப் போகத் தயங்குகிறவர்கள் பொது மருத்துவமனையின் மனநல வெளிநோயாளிகள் பிரிவுக்குப் போகலாம், மருந்து ஒன்றேதான். பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் உண்டு. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

ஈஆர்பி பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் நம் பக்கம் குறைவு. அதனால் முதல் சந்திப்பிலேயே, ஈஆர்பி செய்வீர்களா, எப்படிச் செய்வீர்கள், குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுவீர்களா என்று கேட்டுவிடுங்கள். மூச்சுப் பயிற்சியும் ஆறுதலும் மட்டும்தான் என்றால் வேறொருவரைத் தேடலாம். ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா என்றும் விசாரியுங்கள்.

போகும்போது அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளை எடுத்துச் செல்லுங்கள். எந்த வயதில் தொடங்கியது, ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது, இதுவரை என்ன மாத்திரை எவ்வளவு நாள் சாப்பிட்டார், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெட்கப்படுகிற எண்ணங்களை வாயால் சொல்லமுடியாவிட்டால், அவரே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மருத்துவரிடம் கொடுக்கலாம். அந்தச் சீட்டை நீங்கள் வாங்கிப் படிக்கக் கூடாது. மருத்துவர் அவரோடு தனியாகப் பேச வேண்டும் என்றால் எழுந்து வெளியே போய் உட்காருங்கள்.